ஒரு சொட்டும் ஒழுகாத படகு

துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இப்படி இருந்தது: "உரிமையாளரின் அக்கறையின்மையால், நெடுங்காலமாக எவ்விதப் பராமரிப்புமின்றிக் கைவிடப்பட்ட கலம்."

மேற்படி அக்கறையற்ற உரிமையாளர் அதை நின்றுகொண்டே கேட்டார். அவருடைய ஒரு கையில் வார்னிஷ் பிரஷ் இருந்தது. இன்னொரு கையில், ஈரப்பூச்சின் மேல் வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு கொசுவைக் கால் ஒடியாமல் தூக்கியெடுப்பதற்கான இடுக்கி இருந்தது. கொசுவின் மேல் உள்ள கருணையால் அல்ல; ஒடிந்த கால் பூச்சிலேயே தங்கிவிடும் என்பதால். கடிதத்தை வாசித்தது மனைவி.

"யாரைச் சொல்றாங்க?"

"உங்களைத்தான்."

"அக்கறையின்மையா?"

"எனக்குத் தெரிஞ்சு நமக்கு வேற படகு இல்லீங்க."

படகுத்துறையில் அவருக்கு வார்னிஷ் என்று பெயர். பின்னால் அண்ணே என்று சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களே அதிகம். தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு மாடியின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகிலும் பிளாஸ்டரிலும் அக்ரிலிக்கிலும் யாரோ ஒருவருடைய சிரிப்பைத் தயார் செய்து அனுப்புகிறவர். முப்பது வருஷமாக ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால்தான் கடிக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. வாய் கூடவே வராதவரைக்கும் பல் மிகவும் ஒழுங்கான பொருள் என்பது அவருடைய அனுபவம்.

படகையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். கடல் கூடவே வராதவரைக்கும் அது மிகவும் ஒழுங்கான படகு.

அது பதினெட்டடி நீளம். ஒற்றைப் பாய்மரம். வயது அறுபதுக்கு மேல். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மரத்தில் குடைந்தது மாதிரி இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை அவர் தலையில் கட்டியது மைத்துனன். அவன் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப்போகும் மோட்டார் படகின் டிரைவர். அவனுடைய துறையில் யாரோ விட்டுப்போன இந்தப் பாய்ப்படகு இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் வார்னிஷ் அன்றைக்குப் போனார். போனவர் சும்மா இல்லாமல், இரண்டு பலகை சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அத்தனை பொருத்தமாகச் செய்திருந்தார். வேண்டாம் என்ற சொல்லை அவர் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய மாலைகளும் ஞாயிறுகளும் துறையோரத்துத் தகரக் கொட்டகையில் கழிந்தன. பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். ஆணியின் தலையைச் சுத்தம் செய்யப் பல் நோண்டும் ஊசி. ஏழு பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. ஏழாவது பூச்சு காய்வதற்கும் அமைதியான மாதங்கள் முடிந்து பெருங்காற்று தொடங்குவதற்கும் ஒவ்வொரு வருஷமும் சரியாக இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டுவார்; கரையில் நின்று நாலு நாள் பார்ப்பார்; மேலே ஏற்றிவிடுவார்.

அவருக்கு அலை ஒத்துக்கொள்ளாது. துறையில் கட்டிப்போட்டிருந்த மைத்துனனின் மோட்டார் படகில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துத் தலைசுற்றி இறங்கியவர் அவர். ஆனால் அதைக் காரணமாக ஒருநாளும் சொன்னதில்லை. "போகலாம், அதுக்கென்ன, படகு இன்னும் ரெடியாகலையே" என்பார்.

"மாமா, புதுச் செருப்பு வாங்கித் தலைல வெச்சுக்கிட்டு நடக்கிறீங்க நீங்க" என்பான் மைத்துனன்.

"தேயாது பாரு, மாப்ள."

மனைவி, கணக்கு டீச்சர். சின்ன வயதில் தம்பியோடு சேர்ந்து பாய்ப்படகு ஓட்டிப் பழகியவள், நன்றாக நீந்துவாள். படகு வந்த முதல் வருஷம், "ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?" என்று கேட்டாள். இன்னும் ஒரு பூச்சு பாக்கி என்றார். இரண்டாம் வருஷமும் கேட்டாள். மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. அப்போது வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆணியைச் சுற்றிக் கடுகளவு கறுப்பு தெரிந்தது. அதற்காகப் படகு முழுவதையும் சுரண்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு மேலே ஏறிய படகு அதன்பின் தண்ணீரைப் பார்க்கவில்லை. கடிதம் சொன்ன நெடுங்காலம் அதுதான்.

அலுவலகத்துக்கு அவர் ஒன்பது நோட்டுப் புத்தகங்களோடு போனார். பதினோரு வருஷப் பராமரிப்பு, நாள்வாரியாக. என்ன பூச்சு, எத்தனை மணிக்கு, காற்றில் எவ்வளவு ஈரம், காய எத்தனை மணி நேரம், எல்லாம் இருந்தன. ஆய்வு அதிகாரி ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் புரட்டினாள். அவசரமாகப் புரட்டியிருந்தால் அவருக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு சார்."

"தேங்க்ஸ் மேடம்."

"நாலு நோட்டு பார்த்துட்டேன். இதுல படகு எங்கேயாவது போயிருக்கா?"

"போகத் தயாரா வெச்சிருக்கறதுதான் மேடம் இது பூரா."

"சரி சார். போயிருக்கா?"

வார்னிஷ் ஐந்தாவது நோட்டை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இல்ல."

அவள் நோட்டுகளை ஒழுங்காக அடுக்கினாள். "எங்க விதியில நாலு வருஷம் தண்ணில இறங்கலன்னா கைவிட்டதாத்தான் அர்த்தம். பூசினீங்களா, துடைச்சீங்களான்னு கேக்க அதுல கட்டமே இல்லை. உங்களுக்கு முப்பது நாள் இருக்கு. சொந்தப் பாயில, கடல்ல இருக்கற வெளி மிதவையைச் சுத்திட்டு வரணும். மோட்டார் படகு கட்டி இழுக்கக் கூடாது. உரிமையாளர் படகுக்குள்ள இருக்கணும்."

"இல்லன்னா?"

"உடைச்சு அப்புறப்படுத்துவோம்." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடி, கிடைத்ததைச் சொன்னாள்: "ரொம்ப நேரமெல்லாம் எடுக்காது சார். நல்ல ஆளுங்க. அரை நாள்ல முடிச்சிடுவாங்க."

அவர் ஒன்பது நோட்டுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நான் போகப்போறேன்" என்றார்.

"எங்க?"

"கடலுக்கு."

அவள் சிவப்புப் பேனா சரியான விடை ஒன்றின் மேல் கோடு இழுத்துவிட்டது. அதை அடித்துத் திருத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "யாரு ஓட்டுறது?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் ஓட்டுறேன். நீங்க சும்மா உக்காந்து வாங்க. உக்கார வருமில்ல?"

"வரும்" என்றார். அதுவே நிச்சயமில்லை.

மறுநாள் கொட்டகைக்குப் போய்ப் படகுக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தவருக்குத் திக்கென்றது. வெளியிலிருந்த வெயில் பலகைகளுக்கு நடுவே கோடுகோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நாலு வருஷம் கொட்டகையில் காய்ந்ததில் மரம் சுருங்கிப்போயிருந்தது. நகம் தடுக்காத இடத்தில் இப்போது நாணயம் செருகலாம்.

மைத்துனன் வந்து பார்த்தான், அவன் பதறவில்லை. "இதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. பலகை இடுக்கை அடைச்சிருக்கற பழைய பஞ்சையும், மேல பூசின மக்கையும் அப்படியே விட்டுத் தண்ணில இறக்குங்க. ரெண்டு நாள் ஒழுகும். மூழ்கினாலும் மூழ்கட்டும், கட்டி வெச்சிருப்போம். மரம் தண்ணியக் குடிச்சு ஊதித் தானே மூடிக்கும்."

"மூழ்கட்டுமா?"

"எல்லா மரப்படகும் அப்படித்தான்."

"எந்தப் படகு வேணா மூழ்கட்டும், மாப்ள. ஏழு பூச்சு போட்டதை நான் தண்ணிக்குள்ள முக்கிவெச்சுட்டு வேடிக்கை பார்க்க மாட்டேன்."

படகு கட்டத் தெரிந்த எவனும் செய்யாத ஒரு தவறு உண்டு. படகு கட்டத் தெரியாதவனும் அதைச் செய்ய மாட்டான். அவனுக்கு அவ்வளவு கைத்திறன் இருக்காது. அதைச் செய்ய, முப்பது வருஷம் பல் செட் செய்த கை வேண்டும். வார்னிஷ் பழைய பஞ்சை முழுவதும் பிடுங்கினார். பின்னறையிலிருந்து அக்ரிலிக் தூளும் திரவமும் கொண்டுவந்து குழைத்து, ஒவ்வொரு இடுக்கிலும் ஊசியால் ஊட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி, இறுகிய பிறகு மெருகேற்றினார். பன்னிரண்டு நாள் வேலை. அவரிடம் இருந்தது ஒரே நிறம்தான், ஈறு நிறம். முடிந்தபோது தேன் நிறப் பலகைகளுக்கு நடுவே முழ முழமாக ரோஸ் கோடுகள் ஓடின.

மைத்துனன் வெகுநேரம் பார்த்தான். "மாமா, படகு சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஒழுகாது."

ஒழுகவில்லை. பதினாறாம் நாள் காலை தண்ணீரில் இறக்கினார்கள். அடித்தளத்தில் அவர் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்திருந்தார். மதியம் போய் எடுத்துப் பார்த்தார். காகிதம் மொறமொறவென்று இருந்தது. அதைக் கொண்டுபோய் மைத்துனனிடம் காட்டினார். டிக்கெட் கொடுப்பவரிடம் காட்டினார். மோட்டார் படகுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் காட்டினார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் எழுதலையே" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றும் மறுநாளும் வார்னிஷ் தன் வாழ்நாளிலேயே மிகவும் பெருமையாக நடமாடினார்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, துறையில் உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தபோது அதற்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. கொட்டைப்பாக்கைக் கடித்தது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். மூன்றாவது சத்தத்துக்கு அவர் எழுந்து ஓடினார். படகில் ஏறவில்லை, மைத்துனனைக் கூப்பிடத்தான் ஓடினார்.

மைத்துனன் உள்ளே இறங்கி, முழங்காலிட்டு, கையால் தடவிப் பார்த்தான். பலகைகளை உள்பக்கமாக வளைத்துப் பிடித்திருக்கும் விலாக்கட்டைகளில் மூன்று குறுக்கே விண்டிருந்தன.

"என்ன ஆச்சு மாப்ள?"

"பலகை ஊதப் பாத்துருக்கு. பஞ்சும் மக்கும் இருந்தா நசுங்கி வழிவிடும். நீங்க கல்லு மாதிரி அடைச்சு வெச்சிருக்கீங்க. அது எங்க போகும்? விலாவ உடைச்சு இடம் எடுத்துக்கிச்சு."

"ஆனா ஒழுகல."

"இல்ல மாமா. ஒரு சொட்டு ஒழுகல. இன்னும் ரெண்டு நாள் விட்டா, ஒழுகாமலேயே ரெண்டாப் பொளந்துடும்."

படகை மேலே ஏற்றினார்கள். மாலை பள்ளிக்கூடம் விட்டு மனைவி நேரே கொட்டகைக்கு வந்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, ரோஸ் கோடுகளையும் விண்ட விலாக்களையும் பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பல் செட்டு செய்யறீங்களே, ஈறு வீங்கும், சுருங்கும். அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"இடம் விட்டுத்தான் செய்வோம்."

"விடலன்னா?"

"புண்ணாயிடும்."

"அது தெரிஞ்ச ஆளா இதைச் செஞ்சது?"

"அது வாயி" என்றார் அவர்.

"இது மட்டும் என்னவாம்?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எத்தனை நாள் இருக்கு?"

"பன்னெண்டு."

"அப்ப எந்திரிங்க."

முப்பது வருஷத்தில் முதல்முறையாக வார்னிஷ் பல் டாக்டர் வேலை பார்த்தார். துளை போட்டார், பிடுங்கினார். பன்னிரண்டு நாள் ஊட்டிய அக்ரிலிக்கைப் பின்னறை டிரில்லை வைத்து நாலு நாளில் எடுத்தார். அவர் தலைமுடியிலும் புருவத்திலும் ரோஸ் தூள் படிந்திருந்தது. உடைந்த விலாக்களைக் கழற்றிப் புதிதாகப் பொருத்த அவகாசமில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியை ஒரு நீளக் குழாய்க்குள் விட்டு, புதுச் சட்டங்களை அதில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து, உடைந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்றாக வைத்து முடுக்கினார்கள். பார்வைக்குக் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. அவர் அதைத் துணி போட்டு மூடினார். மைத்துனன் துணியை எடுத்துவிட்டான். "காத்து வேணும் மாமா."

பிறகு பஞ்சு. இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்துத் தட்டும்போதெல்லாம் மனைவி பக்கத்தில் நின்றாள்.

"போதும். அழுத்தாதீங்க."

"இன்னும் ஒரு தட்டு."

"சுத்தியலைக் குடுங்க இப்படி."

"லூஸா இருக்கு, இந்தா பாரு, நகம் உள்ள போகுது."

"போகட்டும். அதுக்குத்தான்."

மேலே இளகிய மக்கைத் தடவினார்கள். அது சமமாக இல்லை. அவர் மூன்று முறை அதை வழித்துச் சமப்படுத்தப் போனார். மூன்று முறையும் அவள் பார்த்தாள். மூன்று முறையும் அவர் வேறு எதையோ எடுக்க வந்தவர் மாதிரி திரும்பினார்.

இருபத்தாறாம் நாள் மறுபடி இறக்கினார்கள். படகு எல்லாப் பக்கமும் ஒழுகியது. மாலைக்குள் உட்காரும் பலகை வரைக்கும் தண்ணீர் ஏறி, விளிம்பு மட்டும் வெளியே தெரிய, துறையில் நாலு கயிற்றில் தொங்கியபடி நின்றது. ஏழு பூச்சு வார்னிஷும் வெளுத்துப் பால் நிறமானது. மோட்டார் படகில் போன ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரரிடம், "பாவம், யாரோ கவனிக்காம விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொன்னது கரைவரைக்கும் கேட்டது. அலுவலகக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அந்தப் படகுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது அந்த இரண்டு நாள் மட்டும்தான். பதினோரு வருஷத்தில் அதற்குச் சரியான பராமரிப்பு நடந்ததும் அந்த இரண்டு நாள்தான்.

வார்னிஷால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பின்னறைக்குப் போய் உட்கார்ந்து பாக்கி வேலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் செய்த மேல் செட்டில் இரண்டு பக்கமும் வலதுபக்கக் கோரைப்பல்லே இருந்தது. டாக்டர் போன் செய்து, "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார்.

இருபத்தெட்டாம் நாள் மதியம் பம்ப் வைத்து இறைத்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். நாலு விரற்கடை தண்ணீர் ஊறியது. இன்னொரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை. மறுநாள் காலை, கணுக்கால் அளவு. மைத்துனன் விலாக்களைத் தடவிப் பார்த்தான். மக்கு எல்லா இடுக்கிலும் பிதுங்கி வெளியே வந்திருந்தது, பலகைகள் மூடிக்கொண்டிருந்தன.

"இவ்வளவுதான் மாமா மூடும். மிச்சத்தை இறைச்சுக்க வேண்டியதுதான்."

"இவ்வளவுதானா?"

"பக்கெட்டு எடுத்துக்குங்க."

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி அட்டையும் படிவமுமாகத் துறைக்கு வந்தாள். வெளுத்த வார்னிஷையும் இரட்டை விலாக்களையும் பிதுங்கிய மக்கையும் குனிந்து பார்த்தாள். "நோட்டுல இருந்த படகு இதுதானா சார்?" என்று கேட்டாள். கிண்டலில்லை, சந்தேகம்தான்.

"இதுதான்" என்றார் வார்னிஷ். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மாத்திரை தேவைப்பட்டிருந்தது. வாந்திக்கு என்று மருந்துக்கடையில் கொடுத்தது. அது வேலை செய்யவில்லை. படகில் கால் வைத்த நிமிஷமே வயிறு மேலே வந்தது.

மனைவி புடவைக்குப் பதில் தம்பியின் பேன்ட் ஒன்றைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டியிருந்தாள். பாயை ஏற்றினாள். கயிற்றை அவிழ்த்தாள். சுக்கான் பிடியை இடது கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எழுந்து போனவள் மாதிரி இருந்தது. பாய் ஒரு தடவை படபடத்து, நிறைந்தது. கரை நகர்ந்தது. கரை நகரக்கூடிய பொருள் என்பது வார்னிஷுக்குப் பிடிக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் பக்கவாட்டில் குனிந்து பதில் சொன்னார்.

"சரி, நான் பேசல. இறைங்க."

இறைத்தார். இறைத்தார், குனிந்தார், மறுபடி இறைத்தார். துறையிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயைத் தாண்டியதும் காற்று வலுத்தது. மிதவை, சிவப்பாக, துருப்பிடித்து, எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது. இன்னும் நூறு கெஜம் இருக்கும். காற்று பக்கவாட்டில் அடித்துப் படகு ஒருபுறமாகச் சாய்ந்தபோது, கட்டுப் போட்ட விலாக்களில் நடு விலா முனகியது. அதற்குக் கீழே அடிமரத்தை ஒட்டிய இடுக்கில் மக்கு பெயர்ந்து, விரல் நீளத்துக்குத் தண்ணீர் தகடு மாதிரி உள்ளே பாய்ந்தது.

"திருப்பு!" என்று கத்தினார்.

"எவ்வளவு?"

"விரல் நீளம். கொட்டுது. திருப்பு, கரைக்குப் போய் எடுத்துக் காய வெச்சு..."

"இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"தெரியும்!"

"இப்பத் திருப்பினா, நாளைக்கு ஆளுங்க வருவாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைப் படித்துச் சொல்வது மாதிரி சொன்னாள். "எனக்கு நீஞ்சத் தெரியும். உங்களையும் இழுத்துட்டுப் போயிடுவேன். அதனால முழுகிடுவோமான்னு நான் பயப்படல. படகு உங்களுது. திருப்புன்னா திருப்பறேன். சொல்லுங்க."

அவள் அதை உண்மையாகவே கேட்டாள். கை பிடியின் மேல் தயாராக இருந்தது. அவர் இடுக்கைப் பார்த்தார். அதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்தது: மேலே ஏற்றி, மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, பழையதைச் சுத்தமாக வழித்து, திரி வைத்து, மக்கை இரண்டு தடவையாக. மொத்தம் ஐந்து நாள். மிக அழகாக வரும்.

"சுத்திட்டு வா" என்றார்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் படகு துறையில் வந்து தட்டியது. மைத்துனன் கயிற்றைப் பிடித்தான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அதிகாரி கரையிலிருந்தே நேரத்தைக் குறித்துக்கொண்டு, படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினாள். 'கலத்தை இயக்கியவர்' என்ற கட்டத்தில் உரிமையாளர் என்று எழுதினாள். வேறு யாரையும் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. 'பயணத்தில் குறைபாடு' என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினாள். 'தொடர்ந்து பதிவில் இருக்கலாம்' என்பதில் டிக் போட்டு ஸ்டாம்ப் வைத்தாள்.

உரிமையாளர் படகை இயக்கவில்லை. சுத்திட்டு வா என்று சொன்ன கையோடு தன் இடதுகால் சாக்ஸைக் கழற்றிச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தார். அது எந்த விதத்திலும் அங்கே பொருந்தவில்லை. அதன் மேல் வெறுங்குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு, மிதவையைச் சுற்றிக் கரை வந்து சேரும்வரை ஒரு கையால் தண்ணீர் இறைத்தார்.